இந்த ரோடு யாருடையது?

அமராவதி நகரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் தெற்கே அணை, முதலைப் பண்ணை, அதற்கப்பால் ஆனைமலைத் தொடரின் மடிப்புகள். வடக்கே உடுமலை, பல்லடம், திருப்பூர் என்று நீளும் ரோடு. 1957-ல் கட்டி முடிந்த அணையும் 1962-ல் வந்த சைனிக் பள்ளியும்தான் இந்தச் சிற்றூரை வெளியுலகம் அறியவைத்தவை. காட்டில் தண்ணீர் வற்றும் கோடையில் யானைகள் உடுமலை–மூணாறு சாலையைக் கடந்து அணைக்கு இறங்குகின்றன. அதே சாலையில் கேரளத்துக்குப் போகும் காய்கறி வண்டிகளும், மூணாறுக்குப் போகும் சுற்றுலா வேன்களும், மறையூரிலிருந்து இறங்கி வருகிறவர்களின் பைக்குகளும் ஓடுகின்றன. ஒன்பதாறு சோதனைச்சாவடியைத் தாண்டியதும் ஹாரன் அடிக்காதீர்கள், வண்டியை நிறுத்திப் படம் பிடிக்காதீர்கள் என்று வனத்துறை ஒவ்வோர் ஆண்டும் கேட்டுக்கொள்கிறது.

வடக்குப் பக்கம் வேறு உலகம். விடியும் முன்பே நூற்பாலை வேன்கள் கிராமம் கிராமமாக நுழைந்து ஆளெடுக்கின்றன. கோழித் தீவன லாரி, தேங்காய் லோடு, காற்றாலை இறக்கையை நீளமாக ஏற்றிக்கொண்டு ஊர்ந்து வரும் டிரெய்லர். எல்லாவற்றுக்கும் நடுவே, திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவரின் மொபெட்.

அமராவதி நகரிலிருந்து திருப்பூர் எண்பது கிலோமீட்டரை ஒட்டி வரும். ஒரே பயணம்தான், ஆனால் டயருக்குக் கீழே இருக்கும் தார் கைமாறிக்கொண்டே இருக்கிறது. ஊருக்குள் ஊராட்சியின் ரோடு. அதைத் தாண்டினால் மாநில நெடுஞ்சாலைத் துறை. உடுமலைக்குள் நகராட்சித் தெருக்கள், அவற்றை ஒட்டியே கோவை–திண்டுக்கல் தேசிய நெடுஞ்சாலை. பல்லடத்தில் திருச்சி–கோவை தேசிய நெடுஞ்சாலை. திருப்பூரில் மாநகராட்சி. காட்டுக்குள் போகிற வழி என்றால் வனத்துறையின் சம்மதம் வேண்டும். தண்டவாளம் குறுக்கே வந்தால் ரயில்வே.

குழியில் விழுந்து கால் ஒடிந்தவருக்கு இந்தப் பங்கீடு தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர் ஓட்டுப் போட்டது ஓர் ஆளுக்கு. ஆகவே எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு மனுவோடு போகிறார். அந்த மனு எந்த அலுவலகத்தின் மேசைக்குப் போக வேண்டும், அங்கே எந்தக் கோப்போடு சேர வேண்டும் என்று தெரிந்துவைத்திருக்கும் எம்.எல்.ஏ.வும், வாங்கி வைத்துக்கொள்ளும் எம்.எல்.ஏ.வும் ஒரே மாதிரிதான் சிரித்துப் பேசுவார்கள். வித்தியாசம் இரண்டு ஆண்டு கழித்து ரோட்டில்தான் தெரியும்.

மூன்று கோடியில் முடிவது, முடியாதது

தமிழ்நாட்டில் தொகுதி மேம்பாட்டு நிதியாக ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். 234 தொகுதிக்கும் சேர்த்துப் பார்த்தால் 702 கோடி, பெரிய பணமாகத்தான் தெரியும். ஒரு தொகுதிக்குள் வந்து இறங்கியதும் அது கரைந்துவிடுகிறது. பஸ் நிழற்குடை, நாற்சந்தியில் ஒரு ஹைமாஸ் விளக்கு, பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வகுப்பறை, தெருவுக்குக் கான்கிரீட். நிழற்குடையையும் விளக்கையும் குறைத்துச் சொல்வதற்கில்லை. இரவில் வேலை முடிந்து தனியாக இறங்கும் பெண்ணுக்கு அந்த விளக்குதான் முதல் பாதுகாப்பு. ஆனால் ஒரு ரயில்வே மேம்பாலத்துக்கு ஐந்தாண்டு நிதியையும், அதாவது 15 கோடியையும், மொத்தமாகக் கொட்டினாலும் பற்றாது.

ஆக, ஓர் எம்.எல்.ஏ.வின் பெரிய ஆயுதம் பணமல்ல. பேரவையில் கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, நெடுஞ்சாலைத் துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் கிடைக்கும் சில நிமிடங்கள். வெளியே மாவட்ட ஆட்சியரின் கூட்டங்கள், கோட்டப் பொறியாளரின் அறை. திருப்பூர் மாவட்டம் அமைச்சர்களையும் கண்டிருக்கிறது. 2006 முதல் 2011 வரை நெடுஞ்சாலைத் துறையைக் கையில் வைத்திருந்தவரே வெள்ளக்கோவில் மு.பெ. சாமிநாதன்தான்.

எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். 2021 தேர்தலில் மாவட்டத்தின் எட்டுத் தொகுதியில் ஐந்தை அ.தி.மு.க. பிடித்தது. உடுமலைப்பேட்டையில் உடுமலை கே. ராதாகிருஷ்ணன், மடத்துக்குளத்தில் சி. மகேந்திரன், பல்லடத்தில் எம்.எஸ்.எம். ஆனந்தன், திருப்பூர் வடக்கில் கே.என். விஜயகுமார், அவிநாசியில் ப. தனபால். ஆட்சி தி.மு.க. கைக்குப் போனது. அமராவதி நகரிலிருந்து புறப்பட்ட பஸ் திருப்பூர் எல்லையைத் தொடும்வரை எதிர்க்கட்சித் தொகுதிகளிலேயே ஓடியது என்று சொல்லலாம்.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 234 உறுப்பினர்களுக்கும் கட்சி பார்க்காமல் கடிதம் எழுதினார். தொகுதியில் நெடுநாளாகத் தீராத பத்துக் கோரிக்கைகளை முன்னுரிமைப்படி வரிசைப்படுத்தி 15 நாளில் ஆட்சியரிடம் கொடுங்கள் என்றார். ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ என்ற திட்டத்தின் விரிவு அது. பத்து என்று எல்லை கட்டியதில் ஒரு நன்மை உண்டு. எல்லாவற்றையும் கேட்கிற மனுவில் எதுவும் முக்கியமில்லை. பத்துக்குள் எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்பதில்தான் உறுப்பினரின் மனம் தெரியும். புறவழிச்சாலை கேட்பவர் ஆயிரக்கணக்கான வாக்காளர்களை மகிழ்விப்பார். முப்பது, நாற்பது குடும்பம் இருக்கும் மலைக் குடியிருப்புக்கு நடைபாலம் கேட்பவருக்கு அந்தக் கணக்கில் லாபம் இல்லை. அந்தந்தத் தொகுதியின் பத்தும் என்னவென்று, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் நிற்கிறதென்று ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவைக்கலாம். அதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை.

தண்டவாளம் பிரித்த ஊர்

சென்னையிலிருந்து பேப்பூர் வரையிலான ரயில் பாதை 1862-ல் முழுமையானபோது திருப்பூர் ஒரு சிற்றூர். பின்னலாடைத் தொழில் வளர வளர ஊர் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் பெருத்தது. கூடவே நொய்யல் ஆறு. வடக்கில் வீடு, தெற்கில் கம்பெனி என்று வாழ்பவருக்கு நாளுக்கு இரண்டு தடவை தண்டவாளமும் ஆறும் குறுக்கே வருகின்றன. கடப்பதற்குப் பாலங்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான். அதனால்தான் புஷ்பா தியேட்டர் ரவுண்டானாவிலும் குமரன் சாலையிலும் மாலை வேளையில் வண்டி நகராது.

கல்லூரி சாலையையும் மங்கலம் சாலையையும் இணைக்க அணைப்பாளையத்தில் தொடங்கிய ரயில்வே மேம்பாலம் நிலம் தொடர்பான வழக்கில் சிக்கிப் பத்தாண்டுக்கும் மேல் கிடப்பில் கிடந்தது. இப்படிப்பட்ட பாலத்தில் தண்டவாளத்துக்கு மேலே வரும் பகுதியை ரயில்வே கட்டும். இரு பக்கமும் ஏறி இறங்கும் பகுதியை மாநில நெடுஞ்சாலைத் துறை கட்டும். அதற்கு நிலம் எடுத்துக் கொடுப்பது வருவாய்த் துறை. அந்தரத்தில் நிற்கும் பாலத்தைப் பார்த்து ஊர் திட்டுவது எம்.எல்.ஏ.வை. மூன்று துறையையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, நிலத்துக்காரரிடமும் பேசி, தொகை விஷயத்தை முடித்துக் கொடுப்பது எந்தத் துறையின் வேலைப் பட்டியலிலும் இல்லை. ஆகவே அது எம்.எல்.ஏ.வின் வேலை.

2008 ஜனவரியில் மாநகராட்சியான திருப்பூரின் முதல் மேயர் க. செல்வராஜ் 2021-ல் தெற்குத் தொகுதியின் எம்.எல்.ஏ. ஆனார். அதற்கு முன் 2011-ல் அதே தொகுதியில் மார்க்சிஸ்ட் கட்சியின் கே. தங்கவேல், 2016-ல் அ.தி.மு.க.வின் சு. குணசேகரன். கட்சி மாறும், ஆள் மாறுவார், நெரிசல் மட்டும் அடுத்தவர் கணக்குக்கு மாற்றி எழுதப்படும். பதவி முடியும்போது நிலுவையில் இருக்கும் சாலை, பாலக் கோப்புகளைப் பட்டியலிட்டு அடுத்தவரிடம் ஒப்படைக்கும் வழக்கம் எந்தத் தொகுதியிலும் கிடையாது. வந்தவர் முதல் மனுவிலிருந்து ஆரம்பிக்கிறார்.

2020 பிப்ரவரி 20, அதிகாலை

பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் போய்க்கொண்டிருந்த கேரள அரசுப் பேருந்து. உள்ளே 48 பேர். கொச்சிப் பக்கமிருந்து டைல்ஸ் ஏற்றிக்கொண்டு சேலம் நோக்கி எதிர்த்திசையில் வந்த கன்டெய்னர் லாரி, அவிநாசி அருகே சென்டர் மீடியனைத் தாண்டி வந்து பேருந்தின் பக்கவாட்டில் மோதியது. 19 பேர் இறந்தார்கள். லாரி ஓட்டியவர் கண்ணயர்ந்துவிட்டார் என்பது விசாரணையில் வந்த விவரம். இறந்தவர்களில் பேருந்தின் ஓட்டுநரும் நடத்துநரும் உண்டு. 2018-ல் பயணி ஒருவருக்கு வலிப்பு வந்தபோது, பேருந்தையே திருப்பி ஓசூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றிய அதே இருவர்.

தூங்கிவிட்டார் என்று எழுதியதும் வழக்கு முடிந்துவிடுகிறது. ஆனால் இரவெல்லாம் சரக்கு ஓடும் சேலம்–கொச்சி சாலையில் யாராவது ஒருவர் தூங்கத்தான் போகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படித் தூங்கியவரின் வண்டியை நடுத்தடுப்பு ஏன் நிறுத்தவில்லை என்பதுதான் சாலையைக் கட்டியவரிடமும் பராமரிப்பவரிடமும் கேட்க வேண்டியது. மக்கள் சார்பில் அதைக் கேட்க வேண்டிய இடம் சட்டமன்றம். அப்போது அவிநாசியின் உறுப்பினர் ப. தனபால். அவரே பேரவைத் தலைவர். சபையை நடத்துகிறவர் தன் தொகுதிக்காக எழுந்து நின்று கேள்வி கேட்பது மரபில்லை. தேசிய நெடுஞ்சாலை மத்திய அரசின் பொறுப்பு என்ற பதிலும் எப்போதும் தயாராக இருக்கிறது. இறந்தவர்கள் விழுந்து கிடந்தது அவிநாசி மண்ணில். ஓடிவந்து தூக்கியவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

1997 அக்டோபரில் ஸ்வீடன் நாடாளுமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. சாலையில் ஒருவர்கூடச் சாகவோ, வாழ்நாள் முடமாகவோ கூடாது என்பதே இலக்கு. மனிதன் தவறு செய்வான், அந்தத் தவறுக்கு உயிர் விலையாகாதபடி சாலையைக் கட்டுவது அரசின் கடமை என்று அந்த உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிறகு, எதிரெதிர் வண்டி மோதும் சாலைகளின் நடுவே இரும்பு வடக்கயிற்றுத் தடுப்புகளை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் போட்டார்கள். தூங்கிய ஓட்டுநரின் வண்டி கயிற்றில் உரசி நிற்கும், எதிரில் வருகிறவர் வீட்டுக்குப் போய்ச் சேருவார். 1997-ல் 541 பேர் இறந்த அந்த நாட்டில் 2022-ல் இறந்தவர்கள் 227 பேர். அதே 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். நம் மக்கள்தொகை அவர்களுடையதைப் போல ஏழு மடங்குக்குச் சற்று மேல். சாவு ஏறத்தாழ எழுபத்தொன்பது மடங்கு.

கோவையிலிருந்து ஒரு டாக்டர்

இந்தியாவில் சாலைப் பாதுகாப்புக்கு உறுதியான ஏற்பாடுகள் வந்ததில் கொங்கு நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு அறுவைச் சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன், 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். நொறுங்கிய எலும்புகளை அறுவை அறையில் சேர்த்துக்கொண்டிருந்தவர், அவை நொறுங்காமல் தடுக்க வழி தேடிப் போனது அந்த வழக்கு. 2014-ல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் குழு அமைந்தது. 2017 நவம்பர் 30-ல் வந்த தீர்ப்பு, ஒவ்வொரு மாநிலத்துக்கும் சாலைப் பாதுகாப்புக் கொள்கை வேண்டும், மாவட்டந்தோறும் குழு வேண்டும், விபத்து அடிக்கடி நடக்கும் இடங்களைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும் என்று வரிசையாக உத்தரவிட்டது.

ஒரு டாக்டர் நீதிமன்றத்துக்குப் போய்ப் பெற வேண்டியிருந்ததைச் சட்டமன்றங்கள் தாமாகச் செய்திருக்கலாம் என்ற எண்ணம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

கருவிகள் இப்போது கையில் இருக்கின்றன. 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டில் உயிரிழப்போ பலத்த காயமோ ஏற்படுத்திய ஐந்து விபத்து நடந்திருந்தால், அல்லது பத்துப் பேர் இறந்திருந்தால், தேசிய நெடுஞ்சாலையில் அது விபத்துக் கரும்புள்ளி. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு, சாலை வடிவமைப்பின் குறையால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் ஒப்பந்தக்காரருக்கும் பொறுப்பான அமைப்புக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. திருப்பூர் மாவட்டத்தில் எத்தனை கரும்புள்ளிகள், எதில் என்ன திருத்தம் செய்தீர்கள், 198-ஏ பிரிவில் எத்தனை பேர் மீது நடவடிக்கை? கேள்வி நேரத்தில் ஓர் உறுப்பினர் இந்த மூன்றையும் ஆண்டுதோறும் கேட்டால், ஆண்டுதோறும் யாராவது உட்கார்ந்து பதில் தயாரிக்க வேண்டியிருக்கும். பதில் தயாரிப்பதற்காகவாவது ஒரு பொறியாளர் அந்த வளைவுக்குப் போய் நின்று பார்ப்பார்.

அடிபட்ட பிறகு காப்பாற்றுவதில் மாநிலம் முன்னேறியிருக்கிறது. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடங்கும்போது 609 மருத்துவமனைகள், ஒரு லட்சம் ரூபாய் வரை, 81 வகைச் சிகிச்சைகள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளிக்குக் குடும்ப அட்டை கேட்காத திட்டம் இது. அதன் அருமை திருப்பூருக்குத் தெரியும்.

எட்டரை மணிக்கு

ஒண்ணரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்குக் கம்பெனி கேட் திறக்கும். செக்கிங், கைமடி, பேக்கிங் பெண்கள் கும்பலாக வெளியே வருவார்கள். சனிக்கிழமை என்றால் கையில் சம்பளம், கடைவீதியில் கூட்டம். அவர்கள் கடக்க வேண்டிய ரோடு நாலுவழியாக அகலப்பட்டிருக்கும். வண்டிக்கு வசதி. நடப்பவருக்கோ, முன்பு பத்தடி எடுத்துவைத்துத் தாண்டியதை இப்போது இருபதடியில் தாண்ட வேண்டும், அதுவும் வேகம் கூடிய வண்டிகளுக்கு நடுவே. நாட்டில் 2022-ல் சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், ஏறத்தாழ 20 பேர் நடந்து போனவர்கள். திருப்பூர்த் தொழிலாளி இந்த இரண்டு கூட்டத்தில் ஏதாவது ஒன்றில் இருப்பார்.

பஸ் என்பதே ஒரு பாதுகாப்பு ஏற்பாடுதான். பஸ்ஸில் போகிறவர் மொபெட்டில் மூன்று பேராகப் போகவில்லை என்று அர்த்தம். இந்தப் பகுதியில் பஸ்ஸும் சட்டமன்றமும் பழைய சொந்தம். 1952 முதல் 1967 வரை பொள்ளாச்சியின் உறுப்பினராக இருந்த நா. மகாலிங்கத்தின் குடும்ப நிறுவனம்தான் 1931-ல் தொடங்கிய ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட். பிறகு பஸ் போக்குவரத்து நாட்டுடைமையாகி, 1972-ல் சேரன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. உடுமலை, பல்லடம் பக்கத்துப் பெரியவர்கள் இன்னமும் அரசு பஸ்ஸை ‘சேரன்’ என்றுதான் சொல்வார்கள். 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனதும், கம்பெனிக்குப் போகும் பெண்ணின் மாதச் செலவில் ஓர் இனம் அடிபட்டது. மிச்சம் இருப்பது நேரம். எட்டரைக்கு வெளியே வருகிறவருக்கு எட்டே முக்காலுக்கு வண்டி வேண்டும். கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்ற தகவல் எம்.எல்.ஏ.வின் சட்டைப் பையில் இருக்க வேண்டிய தகவல்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

மறுபடியும் அமராவதி நகர். மூணாறு ரோட்டை விட்டு விலகிக் காட்டுக்குள் போனால் தளிஞ்சி, மஞ்சம்பட்டி. மேற்கே திருமூர்த்திமலைக்கு மேலே குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு. புலையர், முதுவர், மலசர் வாழும் குடியிருப்புகள். மடத்துக்குளம், உடுமலைப்பேட்டை என்ற இரண்டு தொகுதிகள் இந்த அடிவாரத்தைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. 2007 முதல் இந்தக் காடு ஆனைமலை புலிகள் காப்பகம். தளிஞ்சிக்காரர்கள் கூட்டாற்றைக் கடந்துதான் வெளியே வர வேண்டும். மழைக்காலத்தில் ஆறு பெருகினால், கம்பில் துணித் தொட்டில் கட்டிப் பிள்ளைத்தாய்ச்சிகளையும் பாம்பு கடித்தவர்களையும் சுமந்து வந்திருக்கிறார்கள். குருமலைக்காரர்கள் திருமூர்த்திமலைக்கு நேராக ஒரு பாதை கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். வண்டியில் வர வேண்டுமென்றால் அவர்கள் வால்பாறை, பொள்ளாச்சி என்று மலையையே சுற்ற வேண்டியிருந்தது.

புலி வாழும் காட்டில் ரோடு போடலாமா என்ற கேள்வி நியாயமானது. அதற்குச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 3(2) பிரிவு. பள்ளி, மருந்தகம், குடிநீர், சாலை என 13 வகைப் பொதுத் தேவைக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைத் தரலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். மூன்று மீட்டர் அகலத்தில் பாதை என்று கணக்குப் போட்டால் ஒரு ஹெக்டேர் மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும். நடைபாலத்துக்கும் ஜீப் பாதைக்கும் இது போதும். பஸ்ஸும் லாரியும் ஓடும் ரோட்டுக்குப் போதாது, போதவும் கூடாது.

இந்த வேலைக்குப் பேரவையில் புதுச் சட்டம் வேண்டாம். மலைக்கு ஏறிப் போய்க் கிராம சபையில் உட்கார வேண்டும். தீர்மானத்தை எழுதவைத்து வனச்சரகரிடம் கொடுத்து, மாவட்ட வன அலுவலரின் மேசையில் அது எத்தனை நாளாக இருக்கிறது என்று தேதி குறித்துக்கொண்டு கேட்க வேண்டும். தேர்தல் வரும்போது வாக்குப்பதிவு இயந்திரம் இந்த மலைக்கும் ஏறுகிறது. ஊழியர்கள் காட்டு வழியில் சுமந்து போய் வைக்கிறார்கள். அதே வழியில் கிராம சபைக்கு ஓர் உறுப்பினர் ஏறிப் போனால், கூட்டாற்றைக் கடக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று, தொட்டில் சுமந்தவர்கள் எந்தப் பாறையில் கால் வைத்தார்கள் என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம். பாலத்தின் தூண் எங்கே வர வேண்டும் என்பதைப் பொறியாளருக்கு முன்பே அவர்கள் காட்டிவிடுவார்கள்.